ஓக்லாண்ட்ல கொலை எப்படி பாதியா குறைஞ்சது, அப்புறம் ஏன் திரும்ப ஏறுச்சு

கலிபோர்னியால சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில இருக்கு ஓக்லாண்ட். ஜனத்தொகை நாலு லட்சத்து சொச்சம்தான், நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு கமலா ஹாரிஸ் பொறந்த ஊர்னு சொன்னாத்தான் பிடிபடும். இந்த ஊர்ல 2012ல மட்டும் 120 கொலைக்கு மேல. அஞ்சாறு வருஷத்துல அது இறங்கி இறங்கி 2018ல 70க்கும் கீழ வந்துச்சு, அப்புறம் 2021ல பழையபடி 120 பக்கம் போயிருச்சு. பொதுவா குற்றம் குறைஞ்சா எல்லாரும் நாங்கதான் காரணம்னு வந்து நிப்பாங்க, ஏறுனா காலம் கெட்டுப்போச்சுன்னு கைய விரிச்சுருவாங்க. ஓக்லாண்ட்ல அப்படி இல்ல, எதை செஞ்சப்ப குறைஞ்சுது எதை விட்டப்ப ஏறுச்சுன்னு ஓரளவுக்கு வருஷத்தோட சொல்லலாம், அதனாலதான் இதை முழுசா எழுதணும்னு தோணுச்சு.

போலீஸ் கதையில இருந்து ஆரம்பிக்கணும், அது தெரியாம மத்தது புரியாது. 1966ல ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் பிளாக் பேந்தர் கட்சிய ஆரம்பிச்சது இதே ஊர்லதான். அவங்க முதல்ல கையில எடுத்த வேலையே போலீஸ் வண்டி பின்னாடியே போயி, ரோட்டுல யாரையாவது நிறுத்தி விசாரிச்சா பக்கத்துல நின்னு கவனிக்கிறதுதான். அதாவது அந்த ஊர் கறுப்பின மக்களுக்கும் போலீசுக்கும் உள்ள பகை நேத்து முந்தாநாள் வந்ததில்ல. 2000ல அது வெடிச்சுச்சு. வேலைக்கு சேர்ந்து சில நாளே ஆன கீத் பேட்னு ஒரு இளம் போலீஸ்காரர், வெஸ்ட் ஓக்லாண்ட்ல ராத்திரி டூட்டியில தன் சீனியர்ங்க நாலு பேரு ஆளுங்கள அடிக்கிறாங்க, போதை மருந்த அவங்களே வச்சுட்டு பொய் கேஸ் போடறாங்க, ரிப்போர்ட்டையும் மாத்தி எழுதறாங்கன்னு மேல சொல்லிட்டு அந்த வேலையவே விட்டுட்டாரு. "ரைடர்ஸ்"னு அந்த நாலு பேருக்கு பேரு. ஒருத்தர் தலைமறைவாயிட்டாரு, மத்த மூணு பேர் மேல போட்ட கிரிமினல் கேஸ்ல ஜூரி ஒத்த முடிவுக்கு வர முடியாம கடைசியில யாரும் ஜெயிலுக்கு போகல. ஆனா பாதிக்கப்பட்ட 119 பேரு சேர்ந்து போட்ட சிவில் வழக்குல சிட்டி நிர்வாகம் 1 கோடியே 9 லட்சம் டாலர் கொடுத்து 2003ல சமரசத்துக்கு வந்துச்சு.

அந்த சமரசத்துல பணத்தை விட முக்கியமானது ஒண்ணு இருந்துச்சு. ஐம்பதுக்கு மேற்பட்ட சீர்திருத்தங்கள சிட்டி செஞ்சு முடிக்கணும், முடிச்சாங்களான்னு ஃபெடரல் கோர்ட்டே கண்காணிக்கும், தெல்டன் ஹெண்டர்சன்னு ஒரு ஜட்ஜ் பொறுப்பு. போலீஸ் பலம் பிரயோகிச்சா எப்படி எழுதி வைக்கணும், பொதுமக்கள் புகார் கொடுத்தா யார் விசாரிக்கணும், ஒரு சார்ஜென்ட் எத்தனை பேரை மேற்பார்வை பாக்கலாம், இப்படி எல்லாமே எழுத்துல. அஞ்சு வருஷத்துல முடிச்சிரலாம்னுதான் அப்ப கணக்கு போட்டாங்க. இருபது வருஷம் தாண்டியும் அந்த கண்காணிப்பு முடியல.

இந்த சீர்திருத்தமெல்லாம் அவசியம்தான், அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. ஆனா தெருவுல விழற பிணம் இதனால குறைஞ்சுதான்னா, இல்ல. 2006ல கொலை 140ஐயும் தாண்டுச்சு. 2009 புத்தாண்டு அன்னைக்கு விடியக்காலையில ஃப்ரூட்வேல் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்துல ஆஸ்கர் கிராண்ட்ங்கிற 22 வயசு பையன, குப்புறப் படுக்க வச்சிருந்த நிலையில ரயில்வே போலீஸ்காரர் ஒருத்தர் சுட்டு, பையன் இறந்துட்டான் (அது சிட்டி போலீஸ் இல்ல, பார்ட் ரயிலோட தனி போலீஸ், ஆனா ஊர்க்காரனுக்கு எல்லா சட்டையும் ஒண்ணுதான்). அதே வருஷம் மார்ச் 21ல ஒரே நாள்ல ஒரே ஆளு நாலு போலீஸ் அதிகாரிகள சுட்டுக் கொன்னான். 2010ல காசு இல்லைன்னு 80 போலீஸ்காரங்கள வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. போலீசுக்கு மக்கள் மேல பயம், மக்களுக்கு போலீஸ் மேல பயம், கொலை நடந்தா பாத்தவன் வாயைத் தொறக்க மாட்டான், மூணு கொலையில ஒண்ணுல கூட ஆள பிடிக்க முடியல. ஆள பிடிக்கலைன்னா செத்தவனோட தம்பியோ கூட்டாளியோ தானே கணக்கு தீர்க்க கிளம்புவான், அப்புறம் அதுக்கு ஒரு பதிலடி, இப்படியே சங்கிலியா போகும்.

2011ல மேயர் ஜீன் குவான் நூறு பிளாக் திட்டம்னு ஒண்ணு அறிவிச்சாங்க. ஊர்ல நடக்கிற வன்முறையில 90 சதவீதம் நூறே நூறு தெருக்கட்டத்துல நடக்குது, அங்க போய் உக்காந்தா போதும்னு சொன்னாங்க. பத்திரிகைக்காரங்க தகவலை எடுத்து சரிபார்த்தா கணக்கு துளியும் பொருந்தல. இடத்தை பிடிச்சா போதும்ங்கிற நினைப்பே தப்பா இருந்துச்சு, பாக்க வேண்டியது ஆளுங்கள.

அதை முதல்ல கெட்டியா பிடிச்சது சர்ச்காரங்கதான். ஓக்லாண்ட் கம்யூனிட்டி ஆர்கனைசேஷன்ஸ்னு சர்ச்சுங்களோட கூட்டமைப்பு ஒண்ணு, மைக்கேல் மெக்பிரைட் மாதிரி பாஸ்டருங்க, பிள்ளைய பறிகொடுத்த அம்மாக்கள், இவங்கதான் பாஸ்டன்ல 1996ல ஆரம்பிச்ச சீஸ்ஃபயர் முறைய (சுடற, சுடப்படற ஆபத்துல இருக்கிற கொஞ்ச பேரை கண்டுபிடிச்சு நேரா பேசி நிறுத்துறது) இங்க ஒழுங்கா செய்யுங்கன்னு விடாம கேட்டாங்க. ஒழுங்கான்னு அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, ஓக்லாண்ட் ஏற்கனவே அதே பேர்ல அரைகுறையா முயற்சி பண்ணி ஊத்தி மூடியிருந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரியானா இந்த சர்ச்காரங்க கூட்டமா கிளம்பி ஈஸ்ட் ஓக்லாண்ட், வெஸ்ட் ஓக்லாண்ட் தெருக்கள்ல நடப்பாங்க. மூலையில நிக்கிற பசங்ககிட்ட போயி பேரு கேப்பாங்க, எங்களுக்கு நீங்க உயிரோட வேணும்னு சொல்வாங்க, அடுத்த வாரமும் வருவாங்க. இந்த நடையால மட்டும் கொலை குறைஞ்சுதுன்னு சொல்ல வரல, ஆனா பின்னால நடந்த எல்லாத்துக்கும் முகம் கொடுத்தது இதுதான்.

2012 அக்டோபர்ல புது சீஸ்ஃபயர் ஆரம்பிச்சாங்க, கலிபோர்னியா பார்ட்னர்ஷிப் ஃபார் சேஃப் கம்யூனிட்டீஸ்ங்கிற அமைப்பு தொழில்நுட்ப உதவி. முதல் வேலையா கொலைக் கேஸ் ஃபைல ஒண்ணொண்ணா எடுத்து, செத்தது யாரு, சுட்டது யாரு, எதுக்குன்னு உக்காந்து அலசுனாங்க. வந்த முடிவு எல்லாரையும் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஸ்கூல் பசங்கதான் சுட்டுக்கறாங்கன்னு ஊரே நம்பிட்டு இருந்துச்சு, பாத்தா சராசரி வயசு முப்பதை ஒட்டி. போதை மருந்து வியாபாரச் சண்டைன்னு நெனச்சாங்க, பாத்தா பாதிக்கு மேல ரெண்டு குரூப்புக்கு நடுவுல உள்ள பழைய பகை, சொந்த தகராறு, பழிக்குப் பழி. எந்த நேரத்துல எடுத்தாலும் உச்சகட்ட ஆபத்துல இருக்கிறது சுமார் 400 பேருதான், ஊர் ஜனத்துல ஆயிரத்துல ஒருத்தர். சுடப் போறவனும் சாகப் போறவனும் அதே 400 பேருக்குள்ளதான்.

இதை கொஞ்சம் நின்னு யோசிங்க. அதுவரைக்கும் போலீஸ் என்ன செஞ்சுது, ஈஸ்ட் ஓக்லாண்ட்ல கார் ஓட்டுற கறுப்பின பசங்கள ஆயிரக்கணக்குல நிறுத்தி சோதனை போட்டுச்சு. அதுல பெரும்பாலானவங்க இந்த 400ல இல்லாதவங்க. நிறுத்தப்பட்ட ஒவ்வொருத்தனும் வீட்டுக்கு போயி அம்மா அக்காகிட்ட சொல்லுவான், அடுத்த தடவ கொலை நடந்து போலீஸ் கதவ தட்டுனா அந்த வீடு தொறக்குமா?

சரி, 400 பேருன்னு தெரிஞ்சாச்சு, அப்புறம்? கால்-இன்னு ஒண்ணு வச்சாங்க. அதிகபட்சம் இருபது பேர் போல, புரோபேஷன்ல (ஜெயிலுக்கு பதிலா கோர்ட் போட்ட கண்காணிப்புல) இருக்கிறவங்க, சமீபத்துல சண்டையில அடிபட்ட குரூப்புல இருக்கிறவங்கன்னு பாத்து, சர்ச் மாதிரி ஒரு பொது இடத்துக்கு கூப்பிடுவாங்க. கைது பண்ண இல்லைன்னு முதல்லயே சொல்லிருவாங்க. மேஜை சுத்தி எல்லாரும் சமமா உக்காந்திருப்பாங்க, பாஸ்டர், பிள்ளைய இழந்த ஒரு அம்மா, சுடப்பட்டு பொழச்ச ஒருத்தர், ஜெயிலுக்கு போயிட்டு வந்து இப்ப வேற வாழ்க்கை வாழற ஒருத்தர், போலீஸ் அதிகாரி, அரசு வக்கீல். விஷயம் ரெண்டுதான். நீ உயிரோட இருக்கணும், வெளிய இருக்கணும், அதுக்கு என்ன உதவி வேணுமோ இந்த மேஜையில இருக்கு, இன்னைக்கே எடுத்துக்கோ. துப்பாக்கி சூடு தொடர்ந்தா உன் குரூப்பு மேலதான் எங்க முழு கவனமும் இருக்கும், அப்புறம் சொல்லலைன்னு சொல்லாத. போலீஸ் பேசுறது கொஞ்ச நேரம்தான், அந்த அம்மா பேசும்போதுதான் எதிர்ல உக்காந்திருக்கிறவன் தலை குனியும்னு இதுல வேலை செஞ்சவங்க திரும்பத் திரும்ப சொல்றாங்க. பேசி முடிச்சதும் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு.

கால்-இன்தான் எல்லார் கண்ணுக்கும் தெரியும், ஆனா என்னைக் கேட்டா உயிர் இருந்தது வாராவாரம் நடந்த மீட்டிங்ல. அந்த வாரம் ஊர்ல நடந்த ஒவ்வொரு துப்பாக்கி சூட்டையும் எடுப்பாங்க, எந்த குரூப்பு, யார் பதிலுக்கு கிளம்புவான், அவன்கிட்ட யார் பேச்சு எடுபடும். அதுக்கப்புறம் தெருவுல வேலை செய்யற அவுட்ரீச் ஆளுங்க, லைஃப் கோச்சுங்க கிளம்புவாங்க. இதுல ஒரு கறாரான விதி உண்டு, தகவல் போலீஸ்கிட்ட இருந்து இந்தப் பக்கம் வரும், இந்தப் பக்கத்துல இருந்து போலீசுக்கு போகாது. கோச்சுகிட்ட ஒருத்தன் மனசு விட்டு பேசுனது ஸ்டேஷனுக்கு போச்சுன்னு ஒரே ஒரு தடவ பேர் வந்துட்டா அந்த ஆளு அந்த தெருவுக்குள்ள கால் வைக்க முடியாது, மொத்த ஏற்பாடும் அன்னைக்கே காலி.

லைஃப் கோச்சுங்கள்ல பல பேர் அதே தெருவுல வளர்ந்து, ஜெயிலையும் பாத்துட்டு வந்தவங்க. ஒருத்தருக்கு ஒரு டஜன் பேர் அளவுலதான் பொறுப்பு, கிட்டத்தட்ட தினமும் பேசணும். எடுத்த எடுப்புல வேலை வாங்கித் தர்றது இல்ல. முதல்ல அடையாள அட்டை, டிரைவிங் லைசென்ஸ், பழைய பிடிவாரண்டு ஏதாவது இருந்தா கூடவே கோர்ட்டுக்கு போயி அதை முடிக்கிறது, உயிருக்கே ஆபத்துன்னா குடும்பத்தோட வேற ஊருக்கு மாத்துறது, அப்புறம்தான் வேலை. ஒவ்வொரு கட்டத்தையும் முடிச்சா கையில சின்ன தொகை. குற்றவாளிக்கு காசு கொடுக்கிறதான்னு கேட்டவங்க உண்டு. ஒரு கொலை நடந்தா ஆஸ்பத்திரி, விசாரணை, கோர்ட்டு, ஜெயில்னு அரசாங்கத்துக்கு ஆகற செலவோட பக்கத்துல வச்சா இது ஒண்ணுமே இல்ல, அதுவும் போக ஒரு உயிரு மிச்சம்.

இந்த மண்ணுல இதெல்லாம் 2012லதான் முளைச்சதுன்னும் நினைக்க வேணாம். 1994லயே ஷெர்மன் ஸ்பியர்ஸ், தானே சுடப்பட்டு வீல்சேர்ல இருக்கிறவரு, ஹைலேண்ட் ஆஸ்பத்திரியில குண்டடி பட்டு படுத்திருக்கிற பசங்க கட்டில் பக்கத்துல போயி உக்காந்து, வெளிய போயி பழி வாங்காதன்னு பேசற வேலைய ஆரம்பிச்சாரு. 2000 ஆகஸ்ட்ல கடாஃபி வாஷிங்டன்னு ஒரு பையன் மெக்லிமண்ட்ஸ் ஸ்கூல் கிட்ட சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் அம்மா மெரிலின் வாஷிங்டன் ஹாரிஸ், தன் துக்கத்தோடயே, கொலை நடக்கிற மத்த வீடுகளுக்கு போக ஆரம்பிச்சாங்க. சவப்பெட்டிக்கு யார்கிட்ட பேசணும், அரசாங்கம் கொடுக்கிற நஷ்டஈட்டு ஃபாரத்துல எந்த கட்டத்துல என்ன எழுதணும்னு பக்கத்துல உக்காந்து எழுதிக் கொடுப்பாங்க. அழுதுட்டு இருக்கிற வீட்டுல இறுதிச்சடங்கு செலவுக்கு காசு இல்லாம நிக்கிறதும், அதே வீட்டுல இன்னொரு மகன் அடுத்த ரூம்ல கோவத்தோட உக்காந்திருக்கிறதும் ஒரே நேரத்துல நடக்கும். இவங்க போற அந்த ரெண்டு மூணு நாள்தான் ரொம்ப ஆபத்தான நாள். சீஸ்ஃபயர் வேர் பிடிச்சது இந்த மாதிரி ஆளுங்க ஏற்கனவே உழுது வச்ச நிலத்துலதான்.

இந்தப் பக்கம் போலீசும் மாற வேண்டியிருந்துச்சு, அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் ஒரு ஃபாரம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல ஜெனிஃபர் எபர்ஹார்ட்னு ஒரு பேராசிரியர், அவங்க குழு ஓக்லாண்ட் போலீஸோட பாடி கேமரா பதிவ எடுத்து அலசி 2017ல ஒரு ஆய்வு போட்டாங்க. 981 வண்டி நிறுத்தம், போலீஸ் பேசுன வார்த்தைங்கள மட்டும் எடுத்து பாத்ததுல வெள்ளைக்காரங்ககிட்ட இருக்கிற மரியாதை கறுப்பினத்தவங்ககிட்ட இல்ல, இத்தனைக்கும் போலீஸ்காரர் எந்த இனம், எதுக்கு நிறுத்துனாரு, எந்த ஏரியாங்கிறதெல்லாம் கழிச்சுட்டு பாத்த பிறகும். அப்புறம் வண்டிய நிறுத்துனா எழுதற ஃபாரத்துல ஒரே ஒரு கேள்விய சேர்த்தாங்க. குறிப்பிட்ட ஒரு ஆளை குறிப்பிட்ட ஒரு குற்றத்தோட இணைக்கிற தகவல் கையில இருந்துதான் நிறுத்துறீங்களா, ஆமாவா இல்லையா? அவ்வளவுதான். 2017ல சுமார் 32,000 நிறுத்தம், அடுத்த வருஷம் 19,000 சொச்சம். கறுப்பினத்தவங்கள நிறுத்துறது மட்டும் 43 சதவீதம் குறைஞ்சுது. சோதனை குறைஞ்சா ரவுடிங்க ஆட்டம் போடுவாங்கன்னு பயமுறுத்துனவங்க இருந்தாங்க, அந்த 2018லதான் கொலை 70க்கு கீழ வந்துச்சு.

இது போக மக்களை எப்படி நடத்தணும்னு போலீசுக்கு கிளாஸ் எடுத்தாங்க, அதுல ஊர்க்காரங்களும் பக்கத்துல நின்னு பாடம் நடத்துனாங்க. 2014ல மெஷர் இசட்னு மக்களே ஓட்டு போட்டு சொத்து மேலயும் பார்க்கிங் மேலயும் வரி போட்டுக்க ஒத்துக்கிட்டாங்க, அந்தக் காசுல போலீசுக்கும் பங்கு, இந்த வன்முறைத் தடுப்பு வேலைக்கும் பங்கு. 2016ல மெஷர் எல்எல் மூலமா பொதுமக்கள் உக்கார்ற போலீஸ் கமிஷன், போலீஸ் தலைவரையே நீக்கற அதிகாரத்தோட. 2017ல வன்முறைத் தடுப்புக்குன்னே தனித் துறை.

பலன்? ஆந்தனி பிராகா தலைமையில ஆராய்ச்சியாளருங்க 2019ல வெளியிட்ட ஆய்வு, மத்த காரணங்களையும் இதே மாதிரி ஊருங்களையும் ஒப்பிட்டு கழிச்ச பிறகு, சீஸ்ஃபயரால துப்பாக்கி கொலை 31.5 சதவீதம் குறைஞ்சதா கணக்கு போட்டுச்சு. பக்கத்து ஏரியாவுக்கு பிரச்சனை நகர்ந்து போயிருச்சுன்னும் இல்ல. கொலைக் கேஸ்ல ஆள பிடிக்கிறதும் 2017 வாக்குல மூணுல ரெண்டுக்கு மேல வந்துருச்சு. கூட்டம் கூட்டமா நிறுத்தி சோதனை போட்ட காலத்துல வராத சாட்சி, நிறுத்துறதை குறைச்ச காலத்துல வந்துச்சு.

ஆனா இதே காலத்துல போலீஸ் உள்ளுக்குள்ள நாறுன கதையையும் சொல்லணும். 2016ல வயசு வராத ஒரு பொண்ண பல போலீஸ்காரங்க பாலியல் ரீதியா சுரண்டுனது வெளிய வந்துச்சு, ஜூன் மாசம் ஒம்பது நாள் இடைவெளியில மூணு போலீஸ் தலைவருங்க மாறுனாங்க. கோர்ட் கண்காணிப்பு எதுக்கு இன்னும் முடியலைன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். கால்-இன்ல உக்காந்து உன் உயிர் எங்களுக்கு முக்கியம்னு போலீஸ் சொல்றப்ப, எதிர்ல இருக்கிறவன் முந்தின நாள் பேப்பர படிச்சிருப்பான். அதனாலதான் சமூக வேலையையும் போலீஸ் சீர்திருத்தத்தையும் தனித்தனி திட்டமா பாக்குறது எனக்கு சரியா படல, ஒண்ணு கெட்டா மத்தது சொல்ற வார்த்தைக்கு மதிப்பு போயிரும்.

அப்புறம் 2020. கோவிட் வந்து கூட்டம் கூட முடியாம கால்-இன் நின்னுச்சு, ஆஸ்பத்திரியில கட்டில் பக்கம் போக முடியல. அமெரிக்கா முழுக்கவே அந்த வருஷம் கொலை கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறுச்சு, அதனால ஓக்லாண்ட் ஏறுனதுல பாதிப் பழி காலத்து மேலதான். மீதி? 2023ல சிட்டியே கேட்டு, 2024 ஜனவரியில வெளிவந்த ஆய்வறிக்கை வெளிப்படையா சொல்லுச்சு, 2016ல இருந்தே சீஸ்ஃபயர கொஞ்சம் கொஞ்சமா நீர்த்துப் போக விட்டு, 2020ல கிட்டத்தட்ட கைவிட்டுட்டீங்கன்னு. பேர் இருந்துச்சு, பட்ஜெட் இருந்துச்சு, தனித் துறையும் இருந்துச்சு. ஆனா துறையும் போலீசும் தனித்தனியா ஓடுச்சு, அந்த 400 பேர் மேல இருந்த கவனம் கலைஞ்சு போச்சு. இந்த அறிக்கைய எழுதுனது 2012ல இதை நிறுவ உதவுன அதே அமைப்புதான், அதனால தன் பிள்ளைய தானே மெச்சுதோன்னு சந்தேகப்படுறது நியாயம்தான். இருந்தாலும் 2022லயும் 2023லயும் நாட்டுல பல ஊர்ல கொலை இறங்க ஆரம்பிச்சப்ப ஓக்லாண்ட் அதே 120 பக்கத்துலயே நின்னுச்சு, அதுக்கு கோவிட்ட காரணம் காட்ட முடியாது.

2024ல பழைய முறைய திரும்ப எடுத்தாங்க, கால்-இன், வாராந்திர அலசல், போலீசும் தடுப்புத் துறையும் ஒரே மேஜையில. அந்த வருஷம் கொலை மூணுல ஒரு பங்கு குறைஞ்சு 80 பக்கம் வந்துச்சு. நாடு முழுக்கவும் அப்ப குறைஞ்சுட்டுதான் இருந்துச்சு, ஆனா ஓக்லாண்ட்ல குறைஞ்ச அளவு நாட்டு சராசரிய விட நல்லாவே அதிகம். அதே நவம்பர்ல மெஷர் இசட்டுக்கு பதிலா மெஷர் என்என் ஓட்டுல ஜெயிச்சுது, வரி தொடரும். அதே தேர்தல்ல மேயர் ஷெங் தாவ மக்கள் திரும்ப அழைச்சுட்டாங்க, 2025 ஏப்ரல்ல பார்பரா லீ ஜெயிச்சாங்க. சீஸ்ஃபயர் ஆரம்பிச்சதுல இருந்து 2025 வரைக்கும் கணக்கெடுத்தா மூணு பேர் ஓட்டுல ஜெயிச்சு மேயரா வந்தாச்சு, போலீஸ் தலைவருங்க அதை விட அதிகம். ஒவ்வொருத்தர் வரும்போதும் தன் பேர்ல புதுசா ஒண்ணு செய்யணும்னு ஆசை வரும், ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற வாராந்திர மீட்டிங்ல போயி உக்கார்றதுக்கு யாரும் மாலை போட மாட்டாங்க. இந்த தடவ அந்த மீட்டிங்க மேயர் ஆபீஸ் நேரடியா பொறுப்பு எடுத்து, ஆளு மாறுனாலும் நிக்காத மாதிரி விதியா எழுதி வைக்கணும், சுடறவன் பேரு மாதிரியே கோச்சுங்க சம்பளமும் வாராவாரம் அங்க பேசப்படணும். மூணு மாசம் சம்பளம் தள்ளிப்போச்சுன்னா நல்ல கோச்சு வேற வேலைக்கு போயிருவாரு, அவர் போன் நம்பர மட்டும் நம்பி இருந்த பன்னெண்டு பேருக்கு அடுத்த சண்டையில கூப்பிட ஆள் இருக்காது.